கேண்டனில் யாருக்கு இடம்? ஹால் ஆஃப் ஃபேம் வாதத்தைப் புரிந்துகொள்ள

கேல் சேயர்ஸ் 1965 முதல் 1971 வரை சிகாகோ பேர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ஆடியவர். மொத்தம் 68 ஆட்டம். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடி அவர் சேர்த்தது 4,956 யார்டு. ஃபிராங்க் கோர் 2005 முதல் 2020 வரை ஆடியவர். 241 ஆட்டம், சரியாக 16,000 யார்டு. லீக் வரலாற்றில் இவரைவிட அதிகம் ஓடியவர்கள் எம்மிட் ஸ்மித், வால்டர் பேட்டன் இருவர் மட்டுமே.

சேயர்ஸ் 1977-இல், 34 வயதில், ஆட்டத்தின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். அவ்வளவு இளம் வயதில் அங்கே நுழைந்தவர் வேறு யாரும் இல்லை. கோருக்கு அந்த இடம் தகுமா என்று கேட்டால், அமெரிக்க ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். மூன்று மடங்குக்கு மேல் ஓடியவர்மீது சந்தேகம். பாதியில் முழங்கால் உடைந்து நின்றவர்மீது யாருக்கும் சந்தேகம் இல்லை. இது ஏன் என்று புரிந்துவிட்டால் ஹால் ஆஃப் ஃபேம் வாதத்தின் முக்கால்வாசி புரிந்துவிடும்.

இங்கே பேசுவது அமெரிக்கக் கால்பந்து. நாம் தெருவில் உதைத்து விளையாடும் கால்பந்து இல்லை. அணிக்குப் பதினொரு பேர், முட்டை வடிவப் பந்து. அதைக் கையால் எறிந்தோ, ஏந்தி ஓடியோ எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோனால் டச்டவுன், ஆறு புள்ளி. எவ்வளவு தூரம் முன்னேறினார்கள் என்பதை யார்டில் கணக்கிடுவார்கள். ஒரு யார்டு ஏறக்குறைய 91 சென்டிமீட்டர். பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். ஏந்தி ஓடுபவர் ரன்னிங் பேக். எறிந்ததைத் தொலைவில் போய்ப் பிடிப்பவர் வைட் ரிசீவர். இவர்களுக்கு முன்னால் நின்று எதிரிகளை மறிக்கும் ஐந்து பெரிய உடம்புக்காரர்களுக்கு அஃபென்சிவ் லைன் என்று பெயர். எறிந்த பந்தை எதிரணி பறித்துவிட்டால் இன்டர்செப்ஷன். ஆண்டின் இறுதி ஆட்டம் சூப்பர் பவுல். இவ்வளவு தெரிந்தால் கட்டுரையைத் தொடரலாம்.

புரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம் இருப்பது ஒஹாயோ மாநிலத்தின் கேண்டன் என்ற ஊரில். 1920-இல் அந்த ஊரின் கார் ஷோரூம் ஒன்றில் கூடித்தான் அணி உரிமையாளர்கள் லீக்கைத் தொடங்கினார்கள். 1922-இல் அதற்கு என்.எஃப்.எல். என்று பெயர் மாறியது. மண்டபம் 1963-இல் திறக்கப்பட்டது. முதல் தொகுதியில் 17 பேர். 2025-ஆம் ஆண்டுத் தொகுதியையும் சேர்த்து 382 பேர். நூறாண்டு கடந்த ஒரு லீக்கில் ஆடிய ஆயிரக்கணக்கானவர்களில் இவ்வளவு பேர்தான். சேர்க்கப்படுபவரின் வெண்கல மார்பளவுச் சிலை அங்கே வைக்கப்படும். தங்க நிறக் கோட்டு ஒன்றை அணிவிப்பார்கள். உள்ளே போனவரை வெளியே எடுத்ததே இல்லை.

தகுதி ஒன்று, முறை இன்னொன்று

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது தேர்வு முறையில். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு வீரர் ஆடுவதை நிறுத்தி ஐந்து சீசன் கடந்திருக்க வேண்டும். உணர்ச்சி தணியட்டும் என்பதற்கான இடைவெளி அது. பிறகு நவீன காலப் பிரிவில் அவர் பெயர் வரும். ஆடி முடித்து 25 ஆண்டு கடந்தும் தேர்வாகாதவர்கள் மூத்தோர் பிரிவுக்குப் போவார்கள். வாக்களிப்பது 50 பேர் கொண்ட ஒரு குழு. பெரும்பாலும் விளையாட்டுச் செய்தியாளர்கள். ஒவ்வோர் அணியின் ஊருக்கும் ஒரு பிரதிநிதி உண்டு. தன் ஊர் வீரர் இறுதிப் பட்டியலுக்கு வந்தால், அவருக்காக வாதாடுவது பெரும்பாலும் அந்தப் பிரதிநிதியின் வேலை. உள்ளே நுழைய 80 சதவீத ஆதரவு வேண்டும், அதாவது 40 வாக்கு.

2025 தேர்வில் வந்த புதிய விதியைப் பாருங்கள். நவீன காலப் பிரிவில் 15 பேர் முதலில் பத்தாக, பிறகு ஏழாகக் குறைக்கப்படுகிறார்கள். அந்த ஏழு பேரில் ஒவ்வொரு வாக்காளரும் ஐந்து பேருக்கு வாக்களிக்கலாம். 50 வாக்காளர், ஆளுக்கு ஐந்து, மொத்தம் 250 வாக்கு. ஏழு பேருக்கும் சமமாகப் பிரிந்தால் ஆளுக்கு 35 சொச்சம் கிடைக்கும், 40 எட்டாது. மூத்த வீரர்கள் மூவர், பயிற்சியாளர் ஒருவர், அணி உரிமையாளர் போன்ற பங்களிப்பாளர் ஒருவர் என்ற இன்னொரு பட்டியலில் இது இன்னும் இறுக்கம். அந்த ஐந்து பேரில் மூவருக்குத்தான் வாக்களிக்க முடியும். மொத்தம் 150 வாக்கு, சமமாகப் பிரிந்தால் ஆளுக்கு 30. ஐவருமே தகுதியானவர்கள் என்று 50 வாக்காளரும் மனதார நம்பினாலும், அதைச் சொல்ல வாக்குச் சீட்டில் இடமில்லை. யாருமே 40-ஐ எட்டாமல் போனால் முதலிடம் பெற்றவரை மட்டும் சேர்த்துக்கொள்வார்கள்.

2025-இல் நடந்தது ஏறக்குறைய அதுதான். ஜாரெட் ஆலன், எரிக் ஆலன், ஆன்டோனியோ கேட்ஸ், மூத்தோர் பிரிவில் ஸ்டெர்லிங் ஷார்ப் என நால்வர் மட்டும் தேறினார்கள். கடைசி ஏழு வரை வந்து நின்றுபோனவர்கள் வில்லி ஆண்டர்சன், டோரி ஹோல்ட், லூக் கீக்லி, ஆடம் வினட்டியேரி. இவர்களில் ஒருவரைக்கூடத் தகுதியற்றவர் என்று சொல்ல எனக்கு நா எழாது.

ஆகவே இந்த வாதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இவர் தகுதியானவரா என்பது ஒன்று. இந்த ஆண்டு, இந்த வரிசையில், மற்றவர்களை முந்திப் போகவேண்டியவரா என்பது இன்னொன்று. ரசிகர் பேசுவது முதல் கேள்வி; வாக்காளர் விடை சொல்வது இரண்டாவதற்கு. "அவரை நிராகரித்துவிட்டார்கள்" என்று ஒருவர் கொதிக்கும்போது, உண்மையில் நடந்தது வரிசையில் நிற்க வைத்ததுதானா என்று முதலில் பார்க்க வேண்டும்.

வரிசை எப்படி அடைபடும் என்பதற்கு நல்ல உதாரணம் கிறிஸ் கார்ட்டர், டிம் பிரவுன், ஆண்ட்ரே ரீட். மூவரும் வைட் ரிசீவர்கள், ஏறக்குறைய ஒரே காலத்தவர்கள். கார்ட்டர் 1,101 பந்து பிடித்தவர், பிரவுன் 1,094, ரீட் 951. மூவர் பெயரும் ஒரே ஆண்டில் பட்டியலில் இருந்தபோது வாக்குகள் மூன்றாகச் சிதறின, ஒருவரும் போகவில்லை. கடைசியில் கார்ட்டர் 2013, ரீட் 2014, பிரவுன் 2015 என்று வரிசையாக உள்ளே போனார்கள். 2012-இல் தகுதியற்றிருந்தவர்கள் மூன்றாண்டில் தகுதி பெற்றுவிடவில்லை. முன்னால் நின்றவர் நகர்ந்தார், அவ்வளவே.

உச்சமா, நீளமா?

இனி முதல் கேள்விக்கு வருவோம். தகுதியை எதை வைத்து அளப்பது?

ஒரு தரப்பு உச்சத்தை வைத்து அளக்கிறது. ஒருவர் தன் உச்ச ஆண்டுகளில் எவ்வளவு உயரத்தில் இருந்தார்? தன் இடத்தில் ஆடியவர்களில் லீக்கிலேயே தலைசிறந்தவரா? மறுதரப்பு நீளத்தை வைத்து அளக்கிறது. எத்தனை ஆண்டு, எவ்வளவு தாக்குப்பிடித்து, எவ்வளவு சேர்த்தார்?

சேயர்ஸ் உச்சத்தின் மனிதர். முதல் ஆண்டிலேயே 22 டச்டவுன். அதில் ஆறு, சேறாகிப்போன ஒரு மைதானத்தில் ஒரே ஆட்டத்தில் வந்தவை. 1965 முதல் 1969 வரை ஐந்து ஆண்டும் ஆல்-புரோ முதல் அணியில் இருந்தார். ஒவ்வோர் இடத்துக்கும் அந்த ஆண்டில் லீக்கிலேயே சிறந்தவர் யார் என்று தேர்ந்தெடுக்கும் கௌரவம் ஆல்-புரோ. இரண்டு முழங்காலும் போகாதிருந்தால் எங்கே நின்றிருப்பார் என்பது கற்பனை. ஆடிய காலத்தில் அவருக்கு மேல் யாரும் இல்லை என்பது பதிவு.

ஃபிராங்க் கோர் ஒருமுறைகூட ஆல்-புரோ முதல் அணியில் இல்லை. எந்த ஆண்டிலும் லீக்கின் முதல் ஓட்டக்காரராக அவர் முடித்ததில்லை. ஆனால் கல்லூரியிலேயே இரண்டு முழங்கால் தசைநார்களும் கிழிந்தவர். ரன்னிங் பேக்குகள் முப்பது வயதுக்குள் தேய்ந்து உதிரும் லீக்கில் 37 வயது வரை அடிவாங்கி ஓடினார். ஒன்பது சீசனில் ஆயிரம் யார்டைத் தாண்டினார். அதுவும் ஒரு மகத்துவம்தான்.

ஹால் ஆஃப் ஃபேமுக்கு உச்சமே முதல் அளவுகோல் என்பது என் உறுதியான கருத்து. எதிரணிகளின் தூக்கத்தைக் கெடுத்தவர் யார் என்பதைத்தான் அந்த மண்டபம் நினைவில் வைக்க வேண்டும். கோருக்கு அங்கே இடம் உண்டு என்றே சொல்வேன். ஆனால் உச்சம் காட்டிய ஒருவரைக் காத்திருக்க வைத்துவிட்டு அல்ல. 2026 தேர்வில்தான் அவருக்கு முதன்முதலில் தகுதிக் காலம் வந்தது. பொறுத்திருக்க நேரம் இருக்கிறது.

இதில் வாக்காளர்கள் மெல்ல என் பக்கம் வந்திருக்கிறார்கள் என்பதற்கு டெரல் டேவிஸ் சாட்சி. டென்வர் பிராங்கோஸ் அணியில் ஏழு சீசன், 78 ஆட்டம். 1998-இல் 2,008 யார்டு ஓடி லீக்கின் மிகச்சிறந்த வீரரானார். வென்றால் முன்னேற்றம், தோற்றால் மூட்டை என்ற பிளேஆஃப் கட்டத்தில் எட்டு ஆட்டத்தில் 1,140 யார்டு. அந்த எட்டில் ஏழு வெற்றி. இரண்டு சூப்பர் பவுல். பிறகு முழங்கால். குறுகிய வாழ்க்கை என்று சொல்லிச் சொல்லியே அவரைப் பத்தாண்டு நிறுத்திவைத்து 2017-இல்தான் சேர்த்தார்கள். அவருக்குத் திறந்த கதவு பிறகு மற்றவர்களுக்கும் திறந்தது. 91 ஆட்டம் மட்டுமே ஆடிய, ஜாக்சன்வில் அணியின் டேக்கிள் (அஃபென்சிவ் லைனின் ஓரத்தில் நிற்பவர்) டோனி பொசெல்லி 2022-இல் போனார்.

ஸ்டெர்லிங் ஷார்ப்பின் கதை இன்னும் நீண்ட காத்திருப்பு. கிரீன் பே பேக்கர்ஸ் ரிசீவர், ஏழு சீசன், ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிடாதவர். மூன்று ஆண்டு லீக்கிலேயே அதிகப் பந்து பிடித்தவர். கடைசி ஆண்டான 1994-இல் 18 டச்டவுன். அதே ஆண்டில் கழுத்தில் காயம், அதோடு முடிந்தது. அவருடைய தம்பி ஷானன் ஷார்ப் 2011-இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தபோது, அங்கே நுழைந்த வீரர்களில் தன் குடும்பத்திலேயே இரண்டாவது சிறந்தவன் தான் ஒருவன்தான் என்று மேடையில் சொன்னார். அண்ணன் வர இன்னும் 14 ஆண்டு ஆனது.

எண்களைக் காலத்தோடு படிக்க வேண்டும்

புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, வெவ்வேறு காலத்து எண்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. லின் ஸ்வான் 336 பந்து பிடித்து, 5,462 யார்டோடு 2001-இல் ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்தார். டோரி ஹோல்ட் 920 பந்து, 13,382 யார்டு. 2025 வரை வெளியே. ஸ்வானுக்குச் சலுகை என்று உடனே தோன்றும்.

ஸ்வான் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் ஆடத் தொடங்கிய 1974-இல் சீசனுக்கு 14 ஆட்டம்தான். 1978-இல் 16 ஆனது, 2021 முதல் 17. அதைவிடப் பெரிய மாற்றம் அதே 1978-இல் வந்த விதிகள். அதற்கு முன் ரிசீவரைத் தடுப்பவர் களத்தின் எந்த இடத்திலும் அவரை இடிக்கலாம். 1978-இல்தான் ஐந்து யார்டுக்கு அப்பால் கைவைக்கக் கூடாது என்று வந்தது. மறிப்பவர்கள் கையை நீட்டித் தடுக்கவும் அப்போதுதான் அனுமதி கிடைத்தது. எறிந்து ஆடும் ஆட்டம் அதன் பிறகுதான் ஊதிப் பெருத்தது. டேன் மரினோ 1984-இல் 5,084 யார்டு எறிந்தபோது, ஐயாயிரத்தைத் தாண்டிய முதல் மனிதர் அவர். அடுத்தவர் வர 2008 ஆனது. 2011-இல் ஒரே சீசனில் மூன்று பேர் தாண்டினார்கள். அவர்கள் மூவரும் மரினோவுக்கு நிகர் என்று பொருள் கொண்டால் தப்பு.

எனவே எண்ணைப் பார்த்தால், அதே ஆண்டில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். சில எண்கள் முழுமையாகக் கிடைக்கவும் கிடைக்காது. குவார்ட்டர்பேக்கை வீழ்த்தும் "சாக்" என்பதை லீக் வீரர்வாரியாக எண்ணத் தொடங்கியதே 1982-இல். அதற்கு முன் ஆடிய டீக்கன் ஜோன்ஸ்தான் அந்தச் சொல்லையே பிரபலமாக்கியவர்; அவருக்கு அதிகாரபூர்வக் கணக்கு இல்லை.

மோதிரத்தின் எடை

குவார்ட்டர்பேக்குகளைப் பற்றிய வாதம் தனி ரகம். சூப்பர் பவுல் வென்றவர்களுக்கு மோதிரம் கொடுப்பார்கள். "எத்தனை மோதிரம்?" என்பதே பலருக்கு முதல் கேள்வி.

ஈலை மேனிங்கை எடுத்துக்கொள்வோம். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் 2004 முதல் 2019 வரை. வழக்கமான சீசன் ஆட்டங்களில் 117 வெற்றி, 117 தோல்வி. 57,023 யார்டு, 366 டச்டவுன், 244 இன்டர்செப்ஷன். மூன்று ஆண்டு லீக்கிலேயே அதிக இன்டர்செப்ஷன் கொடுத்தவர். ஆல்-புரோ ஒருமுறையும் இல்லை. ஆனால் இரண்டு சூப்பர் பவுல் வெற்றி, இரண்டிலும் ஆட்ட நாயகன். 2008 பிப்ரவரியில் அவர் வீழ்த்தியது அதுவரை 18 ஆட்டத்தில் 18-ம் வென்றிருந்த நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியை. 17-க்கு 14. அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

2025-இல் முதன்முறை பட்டியலுக்கு வந்தார், தேர்வாகவில்லை.

இந்த இடத்தில் ஒரு சோதனை வைக்க வேண்டும். எந்தக் காரணத்தைச் சொல்லி ஒருவரை ஆதரிக்கிறோமோ, அதே காரணம் பொருந்தும் இன்னொருவரையும் ஆதரிப்போமா? ஜிம் பிளங்கெட் இருக்கிறார். ரெய்டர்ஸ் அணிக்கு இரண்டு சூப்பர் பவுல் வென்று கொடுத்தவர், ஒன்றில் ஆட்ட நாயகன். வழக்கமான சீசனில் 72 வெற்றி, 72 தோல்வி. மேனிங்கின் சித்திரத்தைச் சற்றுச் சிறிதாக வரைந்தது போலவே இருக்கும். பல பத்தாண்டுகளாக அவர் வெளியே நிற்கிறார். அவருக்காக யாரும் உரக்கப் பேசுவதில்லை. மோதிரம்தான் வாதம் என்றால் பிளங்கெட்டுக்கும் அதைச் சொல்ல வேண்டும். இல்லை, மேனிங் 16 ஆண்டு நிலைத்து நின்றவர், 210 ஆட்டம் இடைவிடாமல் தொடங்கியவர் என்பது வாதம் என்றால், அது நீளத்தின் வாதம்; அப்படியே சொல்லிவிடலாம்.

மறுமுனையில் மரினோ. ஒரு மோதிரமும் இல்லை. 61,361 யார்டு, 420 டச்டவுன். 2005-இல் முதல் வாய்ப்பிலேயே சேர்ந்தார். அவர் விஷயத்தில் யாரும் மோதிரம் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. 53 பேர் கொண்ட அணியின் வெற்றியை ஒருவர் விரலில் மட்டும் மாட்டிப் பார்ப்பது நியாயம் இல்லை.

என் மனம் அதிகம் வேதனைப்படும் பெயர் கென் ஆண்டர்சன். 1971 முதல் 1986 வரை 16 ஆண்டும் சின்சினாட்டி பெங்கல்ஸ் அணிக்கே ஆடியவர். எறிதலின் திறனை அளக்கும் பாஸர் ரேட்டிங்கில் 1974, 1975, 1981, 1982 என நான்கு ஆண்டு லீக்கில் முதலிடம். ஆண்டுகளைக் கவனியுங்கள்: 1978 விதி மாற்றத்துக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. இரண்டு வேறு வேறு ஆட்டங்களில் அவர் முதலாவதாக இருந்திருக்கிறார். 1981-இல் லீக்கின் மிகச்சிறந்த வீரர். 1982-இல் எறிந்தவற்றில் 70.6 சதவீதம் சேரவேண்டியவர் கையில் சேர்ந்தது. அந்தச் சாதனையை உடைக்க 2009 வரை யாராலும் முடியவில்லை.

இளம் ஆண்டர்சனைச் செதுக்கியவர் பில் வால்ஷ். அப்போது பெங்கல்ஸின் துணைப் பயிற்சியாளர். குறுகிய, துல்லியமான எறிதல்களால் களத்தை அளந்து முன்னேறும் முறையை வால்ஷ் சின்சினாட்டியில்தான் உருவாக்கினார். பிறகு அதை எடுத்துக்கொண்டு சான் பிரான்சிஸ்கோ போய் ஜோ மான்டனாவிடம் கொடுத்தார். 1982 ஜனவரியில் சூப்பர் பவுலில் இரண்டு பேரும் எதிரெதிரே. ஆண்டர்சன் 34 எறிதலில் 25-ஐச் சேர்த்து 300 யார்டு எடுத்தார். பெங்கல்ஸ் 26-க்கு 21 என்று தோற்றது. ஐந்தே புள்ளி. அந்த ஆட்டம் வேறு மாதிரி முடிந்திருந்தால் ஆண்டர்சனின் சிலை எப்போதோ கேண்டனில் இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். 2025 தேர்வு வரை அது இல்லை.

ஜோ நேமத்தையும் சொல்லியாக வேண்டும். 173 டச்டவுன், 220 இன்டர்செப்ஷன். எண்ணை மட்டும் பார்த்தால் இன்றைய ரசிகர் ஏற்கவே மாட்டார். ஆனால் 14 ஆட்ட சீசனான 1967-இல் நாலாயிரம் யார்டைத் தாண்டி எறிந்த முதல் ஆள் அவர். 1969 ஜனவரியில், யாரும் மதிக்காத நியூயார்க் ஜெட்ஸ் வெல்லும் என்று பகிரங்கமாக உறுதி சொல்லி வென்று காட்டினார். புதிய லீக்கான ஏ.எஃப்.எல். பழைய லீக்குக்குச் சளைத்ததில்லை என்று நாடே அன்று ஏற்றுக்கொண்டது. ஆட்டத்தின் வரலாற்றை இவரை விட்டுவிட்டு எழுத முடியுமா என்பதும் ஒரு அளவுகோல். நேமத் அதில் தேறுவார்.

எண்ணே இல்லாதவர்கள்

அஃபென்சிவ் லைனில் நிற்பவர்களுக்கு யார்டு இல்லை, டச்டவுன் இல்லை. தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்களை ஊரே பார்க்கும். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிறவரை அருகில் இருப்பவர்தான் பார்ப்பார். இவர்கள் நிலை அதுதான்.

ஜெர்ரி கிரேமர் 1960-களின் பேக்கர்ஸ் அணியில் கார்டு, அதாவது அஃபென்சிவ் லைனில் டேக்கிளுக்கு உள்பக்கம் நிற்பவர். அணி வென்ற ஐந்து பட்டங்களிலும் பங்கு உண்டு. 1967 டிசம்பர் 31, உறைபனியில் டல்லாஸ் கௌபாய்ஸோடு நடந்த என்.எஃப்.எல். பட்ட ஆட்டத்தில், கடைசி விநாடிகளில் குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் புகுந்து வென்றது கிரேமர் திறந்த இடைவெளியில். 1969-இல் லீக்கின் ஐம்பதாண்டு நிறைவு அணியில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். ஆனால் கேண்டனில் இறுதிப் பட்டியல் வரை பத்து முறை வந்தும் திருப்பி அனுப்பினார்கள். 2018-இல் சேர்த்தபோது அவருக்கு வயது 82. லீக்கே அரை நூற்றாண்டின் சிறந்தவர் என்று சொன்ன ஒருவரை இவ்வளவு காலம் நிறுத்தியதற்கு நல்ல காரணம் எதையும் நான் இதுவரை கேட்கவில்லை.

இவர்களை அளக்க ஆல்-புரோதான் பெரிய துணை. எதிரே நின்று ஆடியவர்கள், பயிற்சியாளர்கள் சொல்வதும் முக்கியம். பெங்கல்ஸின் வில்லி ஆண்டர்சன் 2004, 2005, 2006 மூன்று ஆண்டும் தொடர்ந்து ஆல்-புரோ முதல் அணி. வலப்பக்க டேக்கிள் என்பதாலேயே கண்ணில் படாமல் போனவர்.

உதைப்பவர்களும் உண்டு. பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் ஒப்படைக்கும் பன்ட்டர்களில் முதல் ஆள் ரே கை, 2014-இல்தான் உள்ளே வந்தார். எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துத் திருப்பி ஓடியே 20 டச்டவுன் போட்ட டெவின் ஹெஸ்டர் 2024-இல்.

களத்துக்கு வெளியே நடந்தது

பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் நேர்மை, நடத்தை ஆகியவற்றையும் எடைபோடச் சொல்கிறார்கள். கேண்டனில் விதி வேறு: களத்தில் நடந்ததை மட்டும் பாருங்கள். 1985-இல் சேர்க்கப்பட்ட ஓ.ஜே. சிம்ப்சனின் சிலை இன்னும் அங்கே இருப்பது அதனால்தான்.

எழுத்தில் தெளிவாக இருக்கும் இந்த விதி நடைமுறையில் வழுக்குகிறது. டெரல் ஓவன்ஸ் ஓய்வுபெற்றபோது ரிசீவர்களில் யார்டுக் கணக்கில் இரண்டாமிடம்: 15,934 யார்டு, 153 டச்டவுன். 2004 டிசம்பரில் கால் எலும்பு முறிந்தவர், ஏழு வாரத்தில் சூப்பர் பவுலில் இறங்கி 122 யார்டு எடுத்தார். ஆனால் சக வீரர்களோடும் பயிற்சியாளர்களோடும் ஓயாத மோதல். ஓர் அணியில் நிலைக்கவில்லை. அணியின் உடைமாற்றும் அறையும் களத்தின் ஒரு பகுதிதானே என்று சில வாக்காளர்கள் வாதிட்டார்கள். இரண்டு முறை நிறுத்திவைத்து மூன்றாம் முறை, 2018-இல், சேர்த்தார்கள். அவர் கேண்டன் விழாவுக்குப் போகவில்லை. தான் படித்த சட்டனூகா பல்கலைக்கழகத்தில் தனி விழா வைத்துப் பேசினார்.

உடைமாற்றும் அறை வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அணியைக் குலைப்பவரால் ஆட்டம் தோற்கும். ஆனால் ஓவன்ஸின் எண்களோடு ஒருவரை நிறுத்த அது போதாது. விதியில் இல்லாத ஒன்றை வைத்துத் தண்டித்தார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

காத்திருப்பு என்பது சும்மா இல்லை

"எப்படியும் ஒருநாள் போய்விடுவார், அவசரம் என்ன?" என்று சொல்பவர்களுக்குச் சில பெயர்கள். கென் ஸ்டேப்ளர் 2015 ஜூலையில் இறந்தார். 2016 பிப்ரவரியில் தேர்வானார். ரெய்டர்ஸில் அவர் எறிந்ததைப் பிடித்த கிளிஃப் பிராஞ்ச் 2019-இல் இறந்தார், 2022-இல் தேர்வானார். கென் ரைலி 15 ஆண்டு பெங்கல்ஸில் ஆடி 65 இன்டர்செப்ஷன் எடுத்தவர். 1983-இல் ஓய்வுபெற்றபோது வரலாற்றிலேயே நான்காமிடம். 2020-இல் இறந்தார், 2023-இல் சேர்த்தார்கள். மூவரும் இறந்த பிறகு ஒரு பந்தைக்கூட ஆடிவிடவில்லை. முன்பு என்ன தகுதி இருந்ததோ அதே தகுதிதான் பின்பும்.

மூத்தோர் பிரிவைப் பயிற்சியாளரோடும் பங்களிப்பாளரோடும் ஒரே தட்டில் போட்டு 150 வாக்கைப் பங்கிடச் சொல்வதை நான் எதிர்ப்பது இதனால்தான். ஐந்தாண்டு காத்திருக்கும் 40 வயதுக்காரரும், 40 ஆண்டு காத்திருக்கும் 76 வயதுக்காரரும் இழப்பது ஒன்றல்ல. மூத்தோருக்குத் தனி வாக்கு, ஒவ்வொருவருக்கும் ஆம் அல்லது இல்லை என்று தனித்தனியாக வேண்டும்.

என் கையில் ஒரு வாக்குச் சீட்டு இருந்தால் நவீன காலப் பிரிவில் வில்லி ஆண்டர்சனையும் ஹோல்ட்டையும் மேனிங்குக்கு முன்னால் எழுதுவேன். 2000 முதல் 2005 வரை தொடர்ந்து ஆறு சீசன் 1,300 யார்டைத் தாண்டியவர் ஹோல்ட். அப்படித் தொடர்ந்து ஆறு ஆண்டு செய்த முதல் ரிசீவர் அவர். மேனிங்குக்குப் பின்னொரு நாள் வாக்களிப்பேன். அன்று பிளங்கெட்டின் பெயரையும் எடுத்துப் பேசுவேன். மூத்தோர் பிரிவில் முதல் வரி கென் ஆண்டர்சனுக்கு. அதற்கு எதிர்வாதமாக 1982 சூப்பர் பவுல் தோல்வியைக் காட்டுபவரிடம், அந்த ஆட்டத்தில் பெங்கல்ஸின் 21 புள்ளியையும் யார் கொண்டுவந்தது என்று கேட்பேன். மூன்று டச்டவுனில் இரண்டை எறிந்ததும் அவர்தான், மிச்சம் ஒன்றைத் தானே ஓடிப் போட்டதும் அவர்தான்.